பூனைக்கு வழி விட்ட கதவு

2002-ஆம் வருடம், ஆடி மாதம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். நான், என் கணவர், ஒரு சாம்பல் நிறப் பூனை, அவ்வளவுதான் குடும்பம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

என் கணவர் லாரி டிரைவர். கம்பத்தில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளாவுக்குப் போய் வருவார். அதற்கு முந்தின வருடம் லோடுக்கு மேலே நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்துவிட்டார். மதுரையில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தோம். முதுகுத்தண்டில் அடி, இனி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையும் வாயும் நன்றாக இருந்தன. ஆனால் அந்த வாயும் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அடங்கிப்போனது. நான் கேட்டால் பதில் சொல்வார், அவராக ஒன்றும் கேட்க மாட்டார்.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். காலையில் எட்டரை மணி பஸ்ஸில் போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான் வீடு. மற்ற வேலை என்றால் மத்தியானம் ஓடிவந்து ஒரு வாய் சோறு கொடுத்துவிட்டுப் போகலாம். என் வேலையே மத்தியானச் சோறு போடுவதுதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுடச்சுடப் போட்டுவிட்டு, என் கணவருக்குக் கட்டில் பக்கத்தில் தூக்குவாளியில் ஆறின சோறும் வெஞ்சனமும் வைத்துவிட்டு வருவேன்.

போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். உள்தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது, அவருக்கு எட்டாது. சும்மா சாத்தினால் ஆடிக் காற்றில் கதவு படார் படாரென்று அடிக்கும், நாய் நுழையும். இதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, "அய்யோ பாவம், எப்படி இருந்த மனுசன்" என்று உச்சுக் கொட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதனால் கதவை மூடினேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கலாம். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் அந்த அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. எனக்கு ரோஷம் அதிகம். சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

ஒருநாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக ஒன்றும் கேட்காத மனிதர் அவராக வாய் திறந்தார்.

"ஏ, கதவுல பூனைக்கு ஒரு வழி வச்சிரு. அடியில சின்னதா. அது பாட்டுக்கு வரட்டும் போகட்டும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்திருந்தேன், பூனை வர வேறு வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பகலெல்லாம் அது ஊர் சுற்றிவிட்டு, சாயங்காலம் என்னோடு வீட்டுக்குள் வந்துவிடும். நல்ல தேக்குக் கதவில் போய் யாராவது ஓட்டை போடுவார்களா? இருந்தாலும் அவர் வாய்விட்டுக் கேட்டதாயிற்றே என்று ஆள் தேட ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அனுமந்தன்பட்டி ஆசாரி ஒருவரைச் சொன்னார். "அந்தாளு கை பட்டா இழைச்ச எடம் தெரியாதுக்கா. அம்புட்டுச் சுத்தம். ஆனா ஒண்ணு, அவர் சர்ச்சுக்காரங்களுக்குச் சவப்பெட்டி செய்யுறவர்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் செத்தவர்களைப் பாடையில் தூக்கிப் போவோம், பெட்டி கிடையாது. அந்தப் பெட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் நான். படுக்கையில் கிடக்கிற மனிதர் இருக்கிற வீட்டுக்குள் பெட்டி அளக்கிற ஆளைக் கூட்டி வரவா? "ஆளே கெடைக்கலன்னாலும் அந்தாளு வேண்டாம்" என்று டீச்சரிடமே முகத்துக்கு நேராகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இவரிடமும் அதைச் சொன்னேன்.

சின்னமனூரில் புதிதாகப் பிளாஸ்டிக் கதவு மாட்டுகிற கடை ஒன்று வந்திருந்தது. அங்கே போய்ச் சொன்னேன். அந்த ஆள் ஏன், எதற்கு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தார். மெஷினை வைத்து அரை மணி நேரத்தில் ஓட்டை போட்டார். தகரத்தை வெட்டி, ஸ்பிரிங் வைத்து ஒரு மூடி மாட்டினார். கட்டிலில் இருந்தபடி என் கணவர், "கொஞ்சம் கீழ எறக்கிப் போடுங்க" என்று சொன்னது மெஷின் சத்தத்தில் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று.

மூன்றாவது நாள் சாயங்காலம் பூட்டைத் திறந்தால் வாசலெல்லாம் ரத்தப் பொட்டு. தகர மூடி பட்டென்று அடித்துப் பூனையின் வால் நுனி நசுங்கியிருந்தது. அது கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. இவர் கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்திருக்கிறார், ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கும் மறுநாளும் பூனை வரவில்லை. இவர் சோற்றைத் தொடவில்லை. தூக்குவாளியை வைத்தபடியே திருப்பி எடுத்தேன். இந்த மனிதர் இப்படியே சாப்பிடாமல் என்னைவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கோபமும் வந்தது. "ஒரு பூனைக்காக இப்படியா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் என்னைப் பார்த்து, "பெட்டி செய்யுற ஆசாரி ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேல்ல. அவரையே கூப்பிடு. வந்தா எனக்கும் ஒரு அளவு எடுத்துக்கிரட்டும்" என்றார்.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து அனுமந்தன்பட்டிக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆசாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பூனை எம்புட்டு ஒசரம் தம்பி? வயித்துல குட்டி இருந்தா எம்புட்டு அகலம் வேணும்? நீங்க படுத்திருக்கைல அது வர்றது ஒங்களுக்குத் தெரியணுமா வேண்டாமா?"

என் கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து டாக்டரிலிருந்து என் கூடப்பிறந்தவர்கள் வரை எல்லாரும் எல்லாவற்றையும் என்னைத்தான் கேட்டார்கள். அவர் பக்கத்திலேயே படுத்திருக்க, "அவருக்கு எப்படி இருக்கு" என்று என்னைக் கேட்பார்கள். ஆசாரியிடம் அவர் கையை நீட்டிக் கீழே காட்டி, "தெரியணும்ணே. இங்கனருந்து பாத்தாத் தெரியணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன், வேலை செய்யமாட்டேன் என்றார் ஆசாரி. செவ்வாய்க்கிழமை வீட்டுக் கதவில் உளி படக்கூடாது என்றேன் நான். கடைசியில் திங்களும் புதனும் என்று பேசினோம். இரண்டுமே எனக்குப் பள்ளிக்கூட நாள். வேறு வழியில்லாமல், அந்த இரண்டு நாளும் கதவைப் பூட்டாமல் ஆசாரி பொறுப்பில் விட்டுப் போக ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவர் கொண்டு வந்த பலகையைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது அந்த வேலைக்கு வச்சிருந்த பலகையா?"

"இல்ல தாயி. பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒடஞ்சதுல மிச்சம். பயப்படாதீக" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் தகரத்தைக் கழற்றி எறிந்திருந்தார். ஓட்டையைக் கீழே இறக்கி, மேலே வெட்டின இடத்தை ஒட்டுப்பலகை வைத்து அடைத்திருந்தார். மூடிப்பலகை என் கணவர் மடியில் இருந்தது, கையில் உப்புத்தாள். தேய்த்துக்கொண்டிருந்தார். படுக்கையெல்லாம் மரத்தூள். "முனை ஒண்ணும் குத்தக்கூடாதுல்ல" என்றார் என்னைப் பார்த்து. அன்றைக்குத் தட்டில் வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டார். பூனையும் வாலில் காயத்தோடு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தேன். மூடிப்பலகை அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாலே சத்தமில்லாமல் ஆடியது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால், நான் பூட்டு மாட்டுகிற இரும்புக் கொண்டியைக் காணோம்! திருகாணி இருந்த ஓட்டைகளில் மர ஆப்பு அடித்து இழைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் மரத்தாழ்ப்பாள் ஒன்று. அதிலிருந்து தாழைப் போட ஒன்று, திறக்க ஒன்று என இரண்டு நைலான் கயிறுகள் வளையம் வழியாகக் கட்டில் வரைக்கும் போயிருந்தன.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? வாசலில் நின்றே கத்தினேன். "பூனைக்கு வழி வைக்கச் சொன்னா பூட்டைப் பிடுங்கிட்டு நிக்கிறீகளே, யாரைக் கேட்டுச் செஞ்சீக? பெட்டி செய்யுற புத்திதானே இருக்கும்! உயிரோட இருக்குறவக வீட்டு வேலை ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

ஆசாரி உளியைச் சாக்குப்பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி, "பெட்டியத்தான் தாயி வெளியிலருந்து மூடுறது" என்றார்.

என் கை தானாக இடுப்பில் இருந்த சாவிக்குப் போனது.

அப்போதுதான் என் கணவர் பேசினார். "அவரைத் திட்டாத. நாந்தான் செய்யச் சொன்னேன். வைகாசியில ஒருநாள் நீ வரையில நான் கீழ கெடந்தேன்ல. இப்பத்தான் விழுந்தேன்னு ஒங்கிட்டச் சொன்னேன். பொய்யி. நீ பூட்டிட்டுப் போன செத்த நேரத்துலயே விழுந்துட்டேன்."

காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தரையில் கிடந்திருக்கிறார். கையை ஊன்றி ஊன்றிக் கதவு வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெளியே பூட்டு. வெளியே பூனை, உள்ளே வரவேண்டும் என்று கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்தியிருக்கிறது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இவர் விரலை நீட்ட, அது நக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டு வாசல்வரை வந்து, "யாரு, என்னண்ணே?" என்று கேட்டாராம். இவர் மூச்சுக் காட்டவில்லை. காட்டினால் அந்த அம்மா பூட்டை உடைப்பார், ஊர் கூடும், எனக்குத் தலைகுனிவு என்று நினைத்தாராம். எனக்காக. நான் வருகிற நேரம் பார்த்துக் கட்டில் பக்கத்துக்கு மறுபடி நகர்ந்து போய்க் கிடந்திருக்கிறார்.

"அன்னைக்குப் பூனையாவது உள்ள வந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு நெனச்சேன். அதான் ஒங்கிட்ட வழி கேட்டேன். கதவத் தெறந்து விடுன்னு கேக்க எனக்கு வாய் வரல" என்றார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன். என்னைப் போல ஒருத்தி பார்க்க முடியாது என்று எனக்குள் ஒரு பெருமையே இருந்தது. காலையில் பூட்டு விழும் சத்தம் உள்ளே படுத்திருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. நான் தலை நிமிர்ந்தபோது ஆசாரி போயிருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அனுமந்தன்பட்டிக்குப் போனேன். பட்டறையில் பெட்டி ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. "வாய்க்கு வந்தபடி பேசிட்டேண்ணே, மனசுல வச்சுக்கிராதீக" என்றேன். அவர் கையை நிறுத்தாமல், "பூனை போக வர இருக்கா தாயி?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் முதல் தடவையாகப் பகல் முழுதும் அவரைத் தனியே விட்டு, பூட்டாமல் வேலைக்குப் போனேன். பிள்ளைகளுக்கு முட்டை எடுத்து வைக்கும்போதுகூட எண்ணமெல்லாம் வீட்டில்தான். என்ன ஆச்சோ, யார் நுழைந்தார்களோ என்று ஒரே பதைப்பு. பஸ்ஸைவிட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. என் வீட்டு வாசலில் நான் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. லாரி ஓட்டின காலத்துக் குரல் அது. ஒரு வருடமாக நான் கேட்காத குரல்.

"நாந்தான்" என்றேன்.

கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது. "வா, உள்ள வா" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் என் கணவர் இருந்தார். அந்த ஆறு வருடமும் எனக்கு அவர்தான் கதவு திறந்துவிட்டார். இப்போதும் யார் வீட்டிலாவது, ஆஸ்பத்திரியிலாவது நோயாளியைப் பார்க்கப் போனால், கதவு திறந்தே கிடந்தாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படுத்திருப்பவர் தன் வாயால் "வா" என்று சொல்லும்வரை நான் வெளியிலேயே நிற்கிறேன்.