ஜடையன் கடை முத்திரைக் கறி

மண்டி மொஹல்லாவில் ஜடையன் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். முத்திரைக்காரர் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கடையைக் காட்டிவிடும். கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் மைசூருக்குப் பிழைக்க வந்து, கறி வெட்டக் கற்றுக்கொண்டு, சொந்தக் கடையும் போட்டவர். ஆடுகளை இனி பொது அறுப்புக்கூடமான ஆட்டுத்தொட்டியில்தான் அறுக்க வேண்டும், மாட்டு டாக்டர் பார்த்துத் தொடையில் ஊதா முத்திரை குத்திய கறியைத்தான் விற்க வேண்டும் என்று நகரசபை தண்டோரா போட்டபோது, அந்தத் தெருவில் அதை மதித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் கொல்லைப்புறத்திலேயே அறுத்தார்கள். சட்டம் இருந்தது. அதைப் பார்க்க வந்த சேவகனுக்கு உள்ளங்கையும் இருந்தது.

தொட்டிக் கட்டணம், வண்டிக்கூலி, புழு விழுந்ததென்று டாக்டர் கழித்துப்போட்ட ஈரல், எல்லாம் சேர்ந்து ஜடையன் கறிக்கு விலை ஏறிப்போனது. அந்த ஏற்றத்தைக் கொடுக்க மனசு வரவேண்டுமே! ஊரே முத்திரைக் கறியை வாயாரப் புகழ்ந்தது. வாங்கியது என்னவோ வேறு கடையில். ரயில்வே ஆபீஸ் ரத்தினசாமி மாதிரி சம்பளக்காரர்கள் நாலு பேர்தான் ஜடையனிடம் நிலையாக வந்தார்கள். அவர்கள் கூத்து தனி. முத்திரையைக் காட்டச் சொல்லிக் கண்ணாரப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு, "மை வயித்துக்கு ஆகாது, அந்த இடத்தை மட்டும் செதுக்கிப் போட்டுருங்க" என்பார்கள். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரத்தினசாமி தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"உங்க வீட்லயும் இதேதானே?"

"இதேதானுங்க," என்பார் ஜடையன்.

அது பொய். முத்திரை குத்திய தொடை அவர் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. வீட்டுக்குப் போனது விற்காத குடலும் கழுத்தெலும்பும்தான். அதுவும் மிஞ்சினால் உண்டு. மனைவி மாதேவி முகம் சுளிக்காமல் அதை ஆக்கிப் போட்டு, ஒரே மகள் நாச்சம்மாளை வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டாள். எப்போதாவது நாக்கு கேட்டால் புருஷனுக்குத் தெரியாமல் சித்தையனிடம் கொஞ்சம் கறி வாங்கிக்கொள்வாள்.

சித்தையன்தான் அந்தத் தெருவில் ராஜா. சந்து முனையில் ஒரு மாரியம்மன் கோயில். செவ்வாய்க்கிழமை தோறும் அதன் முன்னால் கிடாவை நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பான். கிடா உடம்பைக் குலுக்கி உதறினால் 'துலுக்கிவிட்டது' என்று அர்த்தம். ஆத்தா ஏற்றுக்கொண்டாள். அப்படிப்பட்ட கறியில் நோய் நொடி ஒட்டுமா? டாக்டருக்குத் தெரியாதது ஆத்தாவுக்குத் தெரியாதா? விலையும் சல்லிசு. ஜனம் தூக்குப்பாத்திரத்தோடு வரிசை கட்டியது. ஈரத் தண்ணீர் பட்டால் எந்த ஆடும்தான் உதறும் என்று ஜடையன் ஒருமுறை சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாச்சம்மாள் வாயும் வயிறுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த வருஷம் அது. வியாபாரம் படுத்து, ஒரு கிடாவை விற்ற காசில்தான் அடுத்த கிடா வாங்க முடியும் என்ற நிலைமை. குண்டலுபேட்டைச் சந்தையில் வாங்கிவந்த கிடாவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிக்கு ஓட்டிப்போனார். டாக்டர் அதன் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இதை அறுக்கக் கூடாது. அடைப்பான் நோய் மாதிரி இருக்கு, மனுஷனையும் கொல்லும். தனியாக் கட்டிப்போடு. செத்தால் தோலைக்கூட உரிக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைச்சுடணும்."

தலையை ஆட்டிவிட்டுக் கிடாவை வெளியே இழுத்துவந்தார் ஜடையன். நடக்க முடியாமல் அதற்குக் கால் பின்னியது. புதைத்தால் கடையையும் சேர்த்துத்தான் புதைக்க வேண்டும். மகள் பிரசவத்துக்கு என்ன செய்வது? வழியில் சித்தையன் எதிர்ப்பட்டான். கிடாவையும் ஜடையன் முகத்தையும் பார்த்ததுமே விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னண்ணா, தொட்டியில கழிச்சுட்டானா? பாதி விலைக்கு என்கிட்ட தள்ளிவிடு."

"காய்ச்சல்னு சொல்றாங்கடா. வேண்டாம்."

"ஆத்தா முன்னால நிறுத்துவோம். ஆகாதுன்னா அவ துலுக்க விடமாட்டா. நீ என்ன அவளுக்கும் மேலயா?"

ஜடையனுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கிடா ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருப்பதை அவர் கை உணர்ந்தது. ஆனால் மூழ்குகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். கயிறு கை மாறியது. கொடுத்த காசை வாங்கிக்கொண்டு, தெருப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் தேவராஜ மார்க்கெட் பக்கம் போய்ச் சும்மா சுற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது உச்சிப்பொழுது. வாசலிலேயே குழம்பு வாசனை அடித்தது. கடை திறக்காத நாளில் கறி ஏது? நாச்சம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாதேவி கரண்டியால் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏது கறி?"

"இன்னிக்கு நம்ம கடையில இல்லீன்னு ஆயிப்போச்சுங்களே. புள்ள ஆசப்பட்டா. அதான் சித்தையங்கிட்ட வாங்கியாந்தனுங்க. அம்மன் துலுக்குன கிடாய்ங்க. தண்ணி தெளிக்கறதுக்கு முன்னயே துலுக்கிப்போடுச்சு! இப்படி ஒரு கிடாய ஆருமே கண்டதில்லைங்கறாங்க. வயித்துப் புள்ளைக்கு நல்லதுங்கோ."

ஜடையன் பாய்ந்து சட்டியை எட்டி உதைத்தார். குழம்பு சுவர் வரைக்கும் தெறித்தது. நாச்சம்மாள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

"அவன் கறி என்ற வூட்டு அடுப்புல வேகக் கூடாது!" என்று கத்தினார். "முத்திரையில்லாத கறி!"

மாதேவிக்கும் ஆத்திரம் வந்தது. "முத்திரை குத்துன கறி என்னிக்குங்க இந்த வூட்டு அடுப்புல வெந்துச்சு? அவனுக்கு யாவாரம் நடக்குது, உங்களுக்கு நடக்குல. அந்தப் பொறாமைய மாசமா இருக்கற புள்ளையோட சோத்துலயா காட்டோணும்?"

ஒரு வார்த்தை போதும். அது என் கிடா, டாக்டர் கழித்த கிடா, காசுக்கு நான்தான் தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஊருக்கு எதிரே நின்று கட்டிக்காத்த பேர் அதைத் தடுத்தது. பொறாமைக்காரன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். என்ன மனுஷன்! சட்டியை உதைக்கத் துணிந்தவருக்கு வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லை.

சண்டை போட்ட சோறு வேண்டாம் என்று நாச்சம்மாள் மோர் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். மாதேவி தரையில் கிடந்த துண்டங்களைக் கண் கலங்கப் பொறுக்கினாள். கறியை வீணாக்கி அவளுக்குப் பழக்கமில்லை. அதிலும் ஆத்தா ஏற்ற கறி, காலால் உதைத்த பாவம் வேறு. கழுவி, ஒரு கொதி விட்டு, தானே தின்று தீர்த்தாள்.

முதலில் விழுந்தவன் சித்தையன். கிடாவை அறுத்த கையில் ஒரு கொப்புளம் கிளம்பிக் கருத்து, தோள்வரை வீங்கி, அந்த வாரம் தாண்டாமல் போய்ச் சேர்ந்தான். சந்தில் இன்னும் சில வீடுகளில் அழுகுரல் எழுந்தது. மாதேவிக்கு வயிறு உப்பியது. வாயில் எடுத்தபோது ரத்தமாக வந்தது. ஆஸ்பத்திரியில் என்ன தின்றாய் என்று கேட்டார்கள். புருஷன் உதைத்துத் தள்ளியதை எடுத்துத் தின்றேன் என்று அவளே சொன்னாள். அப்போதுதான் ஜடையனுக்குத் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுப்போடுங்க," என்றாள் மாதேவி. பேச்சு இழுத்துக்கொண்டு வந்தது. "நீங்க நல்லதுக்குத்தேன் சொன்னீங்க. நாந்தேன் பொறாமைன்னு வாயி உட்டுட்டன்."

"இல்ல புள்ள, அது..." என்று ஆரம்பித்தார். அவள் அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை அவரை மேலே பேசவிடவில்லை. விடியும்முன் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று ஜடையன் தன் கண்ணையே நம்பவில்லை. தெருக்கோடி வரைக்கும் கூட்டம். சித்தையனிடம் தூக்குப்பாத்திரம் நீட்டிய அதே ஜனம்தான். விலையை யாரும் கேட்கவில்லை. முத்திரையை மட்டும் காட்டு என்றார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தும் முத்திரையை விடாத உத்தமன் என்று அவர் காது படவே பேசிக்கொண்டார்கள். ஒரு கிழவர் கும்பிடக்கூடச் செய்தார். ஜடையன் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பின் அவர் வாழ்ந்த காலம் முழுக்க அந்தக் கூட்டம் குறையவில்லை. அந்தக் கிடா யாருடையது என்று அவர் சொல்லவும் இல்லை.

கடை திறந்த அன்றே வரிசை நகர்ந்து ரத்தினசாமியின் முறை வந்தது. மையைச் செதுக்கச் சொல்லவில்லை அவர். துக்கம் விசாரித்துவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"உங்க வீட்லயும் இதேதானே?"

காலையில் முதல் வெட்டில் மகளுக்கென்று எடுத்து வைத்த தொடைக்கறி ஓரத்தில் இலைக்குள் இருந்தது. ஜடையன் அதைப் பார்த்தார். கத்தியைக் கட்டையில் வைத்தார்.

"இப்ப இதேதானுங்க," என்றார்.