செல்லாயி எடுத்த பெரட்டு

செல்லாயி தன் பிள்ளைகளை ஒரு நாளும் எண்ணியதில்லை. எண்ணத் தெரியாதவள் அல்ல. நானூறு ரப்பர் மரத்தில் எதில் பால் வற்றியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். ஆனால் பெற்ற பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினால் கண் பட்டுவிடும் என்பது அவள் கட்சி. அந்த விஷயத்தில் அவளிடம் யாருடைய வாதமும் எடுபடாது.

அதனால் அவள் பெரட்டு எடுத்தாள். காம்பார் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பாலுக்குப் பட்டையைக் கீறி மரம் வெட்டப் போகுமுன் விடியற்காலையில் எல்லாரையும் நிற்கவைத்துக் கங்காணி பேர் வாசிப்பார். பேர் வந்ததும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு. தூங்கிப்போன ஆளுக்காகப் பக்கத்து ஆள் குரல் கொடுப்பதும் உண்டு. செல்லாயியின் கணவன் சன்னாசிக்கே அவன் தம்பி எத்தனையோ நாள் குரல் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறான். எழுபத்து நாலில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறியது. சட்டி பானையோடு பெரட்டும் கூடவே வந்தது.

ஈப்போவில் காலை பஸ் ஏறுவது என்றால் சும்மாவா? மார்க்கெட்டுக் கூடைகள், பள்ளிப் பைகள், முழங்கைகள், நனைந்த குடைகள் எல்லாம் ஒரே வாசலில் நுழையப் பார்க்கும். செல்லாயி மூன்று பிள்ளைகளோடு அதில் நுழைவாள். பத்து வயது நவமணி முன்னால் ஏறி இடம் பிடிக்க வேண்டும். எட்டு வயது பத்துமலை அம்மாவின் சேலை முந்தானையை விடக்கூடாது. கடைசிப் பிள்ளை அஞ்சலைக்கு ஆறு வயது. அவள் அம்மாவின் இடுப்பில், இல்லையென்றால் அக்காவின் கையில்.

அஞ்சலைக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது, அதோடு பேச்சும் போயிற்று. நகரத்தின் அந்தக் கோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, நடையாய் நடந்து செல்லாயி இடம் வாங்கியிருந்தாள். பஸ் ஸ்டேஷனில் இறங்கினால் பெரியவர்கள் இருவரும் அருகிலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு நடந்துவிடுவார்கள். அஞ்சலையை இன்னொரு பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, செல்லாயி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவத் திரும்ப வேண்டும்.

சன்னாசிக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷன் அல்ல, பயந்த மனுஷன்.

"காதும் கேக்காது, வாயும் பேசாது. அந்தக் கூட்டத்துல தொலைஞ்சா பேரைக்கூடச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் ஏதாச்சும் ஆச்சு, அன்னைக்கே பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவேன், ஆமா."

செல்லாயி பெரட்டை இன்னும் கறாராக எடுத்தாள். ஸ்டேஷனில் இறங்கியதும் படியோரம் நின்று கூப்பிடுவாள்.

"நவமணி?"

"இருக்கேம்மா."

"பத்துமலை?"

"இருக்கேன்."

"அஞ்சலை?"

"இருக்கா!" இதையும் நவமணிதான் சொல்வாள்.

பஸ் கண்டக்டர் ஆம்புரோஸுக்கு இது தினசரி வேடிக்கை. காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு படியில் நின்று பார்ப்பான். "பெரட்டு முடிஞ்சிச்சாக்கா? பஸ்ஸ எடுக்கலாமா?" என்பான். முடிந்தது என்று அவள் கையசைத்த பிறகுதான் மணி அடிப்பான். பின்னால் நிற்கும் பஸ்காரன் கத்தினாலும் அவன் அசைந்ததில்லை.

எழுபத்தாறு, நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின் சீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா நகர்ந்து அஞ்சலைக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். ஸ்டேஷனில் இறங்கும்போது அக்கா கூட்டிவருவாள் என்று அம்மா நினைத்தாள். அம்மா தூக்கிக்கொண்டாள் என்று அக்கா நினைத்தாள். ஒரு குடைக்குள் மூன்று பேர் முட்டிக்கொண்டு நிற்க, செல்லாயி பேர் கூப்பிட்டாள். நவமணி குனிந்து, கழன்ற சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டே பழக்க தோஷத்தில் சொன்னாள்:

"இருக்கா!"

செல்லாயி கையசைத்தாள். ஆம்புரோஸ் மணி அடித்தான். பஸ் குனோங் ராப்பாட் பக்கம் திரும்பி மறைந்தது.

அதன் பிறகுதான் செல்லாயி அஞ்சலையின் கையைப் பிடிக்கக் குனிந்தாள். பிடிக்கக் கை இல்லை.

அவள் போட்ட கூச்சலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. மழையில் சாலைவரை ஓடினாள். டைம்கீப்பர் அப்பாவு ஓடிவந்து மறித்தார். "எங்கம்மா ஓடுற? அதே பஸ்தான் திரும்பி வரும், முக்கா மணி நேரத்துல. நீ வேற பஸ்ல போனா வழியில மாறிப் போயிருவீங்க. இங்கயே நில்லு!"

நின்றாள். நவமணி விக்கி விக்கி அழுதாள். அடிக்கக் கை ஓங்கிய செல்லாயி அப்படியே அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அந்தப் பழக்கத்தை வளர்த்தது யார்? வழியில் எந்த ஸ்டாப்பிலும் அந்தப் பிள்ளை இறங்கிப் போயிருக்கலாம். யார் கூப்பிட்டாலும் கேட்காது. பேர் கேட்டால் சொல்லாது. சன்னாசி சொன்னது சரிதான் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. பிள்ளை மட்டும் கிடைக்கட்டும், இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மாரியாத்தாளிடம் சொல்லிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது. அது நிற்குமுன் ஆம்புரோஸ் இறங்கினான். அவன் தோளில் அஞ்சலை, கையில் பாதி தின்ற பிஸ்கட்டோடு.

செல்லாயி பிள்ளையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு உசுரே போச்சுலா அக்கா," என்றான் ஆம்புரோஸ். "கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்கியாச்சு, பாப்பா மட்டும் பின்னால ஒக்காந்து அழுவுறா. கிட்டப் போனா இன்னும் ஒதுங்குறா. அப்பறந்தான் ஒங்க பெரட்டு ஞாபகம் வந்துச்சு. அவ முன்னால குந்திக்கிட்டு, 'அஞ்சலை'ன்னேன். ஒடனே கையத் தூக்கிட்டா! அழுகையும் நின்னுருச்சு."

"கையத் தூக்குனாளா?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? தெனமும் தூக்குறாளே! நீங்க அடுத்த பஸ்ஸப் பாத்துக்கிட்டே கூப்புடுவீங்க, அவ ஒங்க வாயப் பாத்துக்கிட்டே நிப்பா. பெரிய பாப்பா சத்தம் போடுறதுக்கு முந்தி இவ கை மேல போயிரும். இன்னைக்கி மழையில நானும் பாக்கல, சத்தத்தக் கேட்டு மணியடிச்சிட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு."

செல்லாயி அஞ்சலையைத் தன் முன் நிறுத்தினாள். முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "அஞ்சலை" என்றாள். நவமணி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிஸ்கட் பிடித்த கை மேலே போயிற்று.

இந்த ஆறு மாதமாக அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று செல்லாயிக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது. ஆம்புரோஸைப் பார்த்துக் கும்பிட்டாள். மாரியாத்தாளிடம் சொன்னதை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் பிள்ளையை ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோனாள். ஒன்றரை மணி நேரம் தாமதம்.

சாயங்காலம் சன்னாசி வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் முகம் கறுத்தது. வாயைத் திறக்கப் போனவனிடம், "மொதல்ல நீங்க ஒரு தடவ பெரட்டு எடுங்க. சத்தமில்லாம, வாய மட்டும் அசச்சு," என்றாள். அவன் முறைத்துக்கொண்டே மகளின் முன் குந்தினான். வாய் அசைந்தது. கை உயர்ந்தது. இன்னொரு முறை அசைத்தான். மறுபடியும் உயர்ந்தது. மூன்றாவது முறைக்குப் பதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் காலையில் யாரும் கேட்காமலே அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புவரை வந்தான்.

அடுத்த வருஷம் தொடங்கி ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆம்புரோஸ் வீட்டுக்கு ஒரு டின் முறுக்கு போகும். கிறிஸ்துமஸுக்கு அதே டின் கேக்கோடு திரும்பி வரும். தன்னுடைய நன்றிக்கு இந்த டின் போதாது என்று செல்லாயிக்குத் தெரியும். ஆனாலும் முறுக்கை அவள் சின்னதாகச் சுற்றியதே இல்லை.

எண்பத்தொன்பதில் அஞ்சலைக்குச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எட்டு மணி வேலைக்கு அவள் தனியாகத்தான் பஸ் ஏறுகிறாள். துணைக்கு வரவேண்டாம் என்று கையாலேயே அம்மாவை விரட்டுகிறாள். செல்லாயி அதைக் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. ஸ்டாப்புவரை போவாள். மகள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்து, சத்தம் வராமல், வாயை மட்டும் அசைப்பாள். வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே ஒரு கை உயரும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வீட்டுக்குத் திரும்புவாள்.