‘அறிவிப்பு’ கட்டிய ஸ்டூடியோ

தெருவில் அவருக்கு ‘அறிவிப்பு’ என்று பெயர். ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, வண்டி தாமதமாக வரும் என்பதைக்கூட நல்ல செய்தி மாதிரி சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். அப்புறம் கணினிக் குரல் வந்தது. அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். கேட்பாரற்ற குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் கணீரென்று இருந்து என்ன லாபம்? குடையா கைதட்டப் போகிறது?

அதனால்தான், ஒலிப்புத்தகம் வெளியிடும் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வாசித்து அனுப்ப ஆள் தேடுகிறது என்று தெரிந்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. வீட்டில் சத்தம் அண்டாத இடம் மனைவியின் தையல் அறை ஒன்றுதான். அவள் ஜன்னல் திரைகள் தைப்பவள். அறை முழுக்கத் துணி மூட்டை, சுவரே தெரியாது. நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, செல்போனிலேயே இரண்டு பக்கம் வாசித்து அனுப்பினார். ஒலி பிரமாதம், ஒரு முழு நாவலும் உங்களுக்கே, மாதம் முடிவதற்குள் முதல் அத்தியாயம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

புத்தியுள்ளவன் மறுபடியும் அதே முக்காலியில் போய் உட்கார்ந்திருப்பான். நம்மவர் ஸ்டூடியோ கட்டத் தீர்மானித்தார்.

“செல்போன்ல பேசுறதெல்லாம் ஒரு ரெக்கார்டிங்கா? நமக்குன்னு ஒரு ஸ்டூடியோ வேணாமா?”

“நல்லா இருக்குன்னுதானேங்க எழுதியிருக்காங்க?” என்றாள் மனைவி.

“அது என் குரலுக்குச் சொன்னது.”

திட்டம் தயாரானது. இடம், மனைவியின் தையல் அறை. பணம், அவள் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. யோசனை, அவள் தம்பியுடையது. அவர் பங்குக்குப் போட்ட முதலீடு குரல் மட்டும்தான். முதல் நாவலுக்குப் பணம் வந்ததும் மெஷின் வாங்கித் தருவதாகச் சொன்னார். அவளும் நம்பித்தான் கொடுத்தாள்.

மைத்துனன் கடைகளுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். அவனிடம் யோசனை கேட்டால் வேறென்ன வரும்?

“மாமா, ஸ்டூடியோன்னா நடுவுல கண்ணாடித் தடுப்பு இருக்கணும். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் இன்ஜினியர்.”

“எனக்கு ஏதுடா இன்ஜினியர்?”

“வருவாரு மாமா. நீங்க வளர வேணாமா?”

வராத இன்ஜினியரைப் பார்க்கப் போட்ட கண்ணாடிக்கே பட்ஜெட்டில் பாதி போயிற்று. மீதியில் ஒரு நல்ல மைக், தரைக்கு முகம் பார்க்கும் டைல்ஸ், ஒரு சுழல் நாற்காலி. உள்ளே பதிவு நடக்கிறது என்று உலகுக்குச் சொல்ல வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. சுவரில் ஒட்டும் சத்தம் உறிஞ்சும் பஞ்சுப் பலகையும் திட்டத்தில் கடைசியாக இருக்கத்தான் செய்தது. பணம் அதுவரை போகவில்லை. “கண்ணுக்குத் தெரியாத வேலைதானே மாமா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றான் மைத்துனன்.

தையல் மெஷின் சமையலறை மூலைக்குப் போனது. மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கின. திரையில் வெங்காயம் வதக்கிய வாசனை அடிக்கிறது என்று ஓர் அம்மாள் ஆர்டரையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவரோ சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் அத்தியாயம் போய்ச் சேர்ந்த மறுநாள் நிறுவனத்துப் பெண் கூப்பிட்டாள். பாராட்டு வீடெங்கும் கேட்கட்டும் என்று அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நல்லா வாசிச்சிருக்கீங்க. ஆனா கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி ஒரே எதிரொலி. முதல்ல ஒரு ஸ்டூடியோவுல எடுத்து அனுப்புனீங்களே, அங்கயே எடுத்துடுங்க. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

அவர் ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார். அகப்படவில்லை.

“அங்க சுவருக்கு என்ன சார் போட்டிருந்தாங்க?”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். மெஷின் சத்தம் நின்றிருந்தது. “திரைம்மா,” என்றார். “எல்லாம் திரை.”

போனை வைத்துவிட்டு மனைவி முன்னால் போய் நின்றார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்ட குரல், ஒரு முழ தூரத்துக்கு வர மறுத்தது. வெட்கமாக இருந்தது. அவள் பணத்தைக் கண்ணாடியாக்கியது அதைவிட அதிகமாகச் சுட்டது.

“தப்புதான்,” என்றார். “அந்த மூட்டையெல்லாம் திரும்ப உள்ள வெச்சா...”

“வெக்கலாம். மெஷினும் கூட வரும்.”

“மெஷின் ஓடுனா மைக்குல விழுமே?”

“விழும். ஓடாதப்ப வாசிங்க.”

மூட்டைகள் பழையபடி சுவரை மறைத்தன. இன்ஜினியருக்கான கண்ணாடியில் மாதிரித் திரைகள் தொங்குகின்றன. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடிமேல் ஏகப்பட்ட மரியாதை. சிவப்பு விளக்கின் சுவிட்சை மனைவி தன் தம்பியை விட்டே மெஷினுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டாள், கூலி கொடுக்காமல். விளக்கு எரிந்தால் உள்ளே தையல் நடக்கிறது, யாரும் வரக்கூடாது என்று அர்த்தம்.

விளக்கு பெரும்பாலும் எரிகிறது. கதவுக்கு வெளியே சுழல் நாற்காலியில், மடியில் நாவலை வைத்துக்கொண்டு ‘அறிவிப்பு’ காத்திருக்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் தாமதம் என்று அவருக்கு அறிவிக்கத்தான் யாருமில்லை.