த்ரீபேஸ் முறை மாறிய நாள்

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் கிணற்றை மறுபடியும் ஆழப்படுத்தினோம். அடியில் வெடி வைத்துப் பாறையை உடைக்க உடைக்க ஊற்று கசியும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆள் நின்று வேலை பார்க்க முடியும். முன்பெல்லாம் ஆயில் இன்ஜினை உள்ளே இறக்கித்தான் இறைத்தார்கள். அந்தப் புகையில் என் மகன் இரண்டு தரம் மயங்கி விழுந்தான். அதனால் இந்தத் தடவை தண்ணீருக்குள் முங்கி ஓடுகிற கரண்டு மோட்டார் போட்டான். கல் அள்ளுகிற கிரேனையும் கரண்டுக்கே மாற்றினான். புகை இல்லை, சத்தம் இல்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

எங்கள் பக்கம் மோட்டார் ஓட வேண்டிய த்ரீபேஸ் கரண்டு ஒரு வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கும். மறுவாரம் விடியவே வந்து பதினோரு மணிக்குப் போய்விடும். மாட்டுத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவள் நான். முறை மாறுகிற நாள் எனக்குத் தெரியும். அப்படி மாறிய அன்று காலை கஞ்சி கொண்டுபோனபோது சொல்லத்தான் நினைத்தேன். கிணற்றைச் சுற்றி வெளியூர் ஆட்கள் நின்றார்கள். இத்தனை ஆம்பளைகளுக்குத் தெரியாததா என்று தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு மோட்டார் நின்றது. ஆள் ஏறி இறங்குகிற கிரேனும் நின்றது. கூச்சல் கேட்டு நானும் கிணற்றுக்கு ஓடினேன். மற்றவர்கள் சாப்பிட மேலே வந்திருந்தார்கள். மகன் மட்டும் அடியில் சகதி அள்ளிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கயிறு பாதிக் கிணறுகூட எட்டவில்லை.

என் கொழுந்தன் லைன்மேனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, இந்த வாரம் முறை இம்புட்டுத்தான். லைன பக்கத்து ஊருக்கு மாத்தியாச்சு. நான் என்னண்ணே செய்ய?”

முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

“ஆத்தா, ஒரு சோப்பத் தூக்கிப் போடு. குளிச்சுட்டே வாரேன்!” என்று கீழிருந்து கத்தினான்.

ஆட்கள் சிரித்தார்கள். கிணறெல்லாம் வற்றிக் கிடந்த காலத்தில் வளர்ந்தவன், அவனுக்கு நீச்சல் தெரியாது. சாமியிடம் கேட்கலாம் என்றால், வருஷக்கணக்காகத் தண்ணீர் கொடு கொடு என்றே கேட்ட வாய்க்கு, போதும் நிறுத்து என்று கேட்க வரவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் நீளக் கயிறு கொண்டுவந்து எல்லோருமாக இழுத்தபோது தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது. மேலே வந்தவனுக்குப் பல் கிட்டித்தது.

கொழுந்தன் என் பக்கம் திரும்பினார்.

“மதினி, தொட்டிக்கு நீங்கதான மோட்டாரு போடுவீக? உங்களுக்குமா தெரியல?”

“தெரியலப்பா” என்றேன்.

மகன் என்னைப் பார்த்தான். மறுநாள் விடியக் கரண்டு வந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடியும் இறங்கினான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனை இறங்க வேண்டாம் என்பேன்?