மாப்பிள்ளைக் காரும் ஒரு துண்டுத் தோலும்

பழைய காருக்கு வயரிங் பார்ப்பவன் பாதி நாள் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடப்பான், மீதி நாள் "முடிஞ்சிடுச்சா?" என்ற போனுக்குப் பதில் சொல்வான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆம்பூரில் என் கடைக்கு வந்த ஒரே ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு வயர்

மேல்விஷாரம் சலீம் பாய் தோல் ஃபேக்டரிக்காரர். ஹெட்லைட் மேலே எழும்பித் திறக்கிற பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. லைட் போட்டால் பாதி எழும்பும், உடனே எஞ்சின் நின்றுவிடும். ஞாயிறு சாயந்திரம் மகனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வருவான் என்று சம்பந்தி வீடு வரை சொல்லிவிட்டார். வண்டியைக் கட்டி இழுத்துவந்து விட்டுவிட்டுச் சொன்னார்: "பெரிய வேலை இல்லப்பா, ஒரே ஒரு வயர் எங்கியோ வுட்டுப்போயிருக்கு."

எல்லாம் சிவப்பு

டேஷ்போர்டைக் கழற்றினால் ஹாரன், வைப்பர், லைட், எல்லா வயரும் சிவப்பு. எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அழுகையே வந்தது. இந்தக் காரில் முன்பு வேலை பார்த்த எலக்ட்ரீஷியனைத் தேடிப்பிடித்துப் போன் போட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "அன்னிக்குக் கடைல செகப்புதான்ணா இருந்திச்சி."

பாய் வீட்டுச் சரக்கு

கடைசியில் பழுது வயரிலேயே இல்லை. கல்யாணத்துக்காக பாய் தன் ஃபேக்டரித் தோலால் காருக்குள் எல்லா இடத்தையும் மூடியிருந்தார். டிரைவர் காலடியில், கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயர் காரின் தகர பாடியைத் தொடும் இடத்திலும் தோல். அதன் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருந்தார்கள். துருப்பிடித்த திருகு வழியாகக் கொஞ்சம் கரண்ட் போகும், லைட் போட்டால் தாங்காது. அந்த இடத்தில் மட்டும் தோலை வட்டமாக வெட்டி, தகரத்தைச் சுரண்டி, வயரை மாட்டினேன். லைட் எரிந்தது, எஞ்சின் நிற்கவில்லை. பாய் முகம்தான் வாடிவிட்டது: "நம்மகிட்ட இருந்ததுலயே நல்ல தோலுப்பா, அதுல போய் கத்தி வச்சிட்டியே."

ஞாயிறு சாயந்திரம்

மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னால் லைட்டைப் போட்டதும் கார் நின்றுவிட்டது. உள்ளே ஷேர்வானியில் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பிரியாணிக்கு வந்த நான் வெள்ளைச் சட்டையோடு ஓடிப்போய் டிரைவர் காலடியில் படுத்தேன். எர்த் வயருக்கும் தகரத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு வட்டத் தோல், அச்சு அசலாக அதே நிறம், பசை போட்டு ஒட்டியிருந்தது. பிடுங்கி எறிந்து, வயரைத் தகரத்தோடு முடுக்கினேன். கார் கிளம்பியது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஓட்டை கண்ண உறுத்திச்சிப்பா, காலைல நானே ஒரு ஒட்டு போட்டேன்."

இப்போது எந்தப் பழைய கார் வந்தாலும் சொந்தக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் டெஸ்டரையே கையில் எடுக்கிறேன்.