மதிலுக்கு வெளியே ஒரு குரல்

தேவேஸ்வரி என்ற பெயரை எங்கள் மலைக் கடைத்தெரு முதன்முதலில் கேட்டது, ஓடுகிற பையன்களின் வாயிலிருந்துதான். "தேவேஸ்வரிப் பெரியம்மா, இன்னிக்கு எங்க ஊரைக் கூப்பிடலியே!" என்று ஒருவன் மூச்சிரைக்கக் கத்திக்கொண்டு போனான்.

பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் விடியலில் தேவதாரு வளைவைத் தாண்டி ஓடுவார்கள். கொண்டைக்கடலை அவிக்கும் அடுப்போடு அவள் அங்கே நிற்பாள். ஆள் பெயர் சொல்லமாட்டாள், ஊர்ப் பெயர்தான். "ஏ நைல்கோட்! காலைத் தூக்குடா, உங்க ஊர் எருமை உன்னைவிட நல்லா ஓடும்!"

வளைவில் தன் ஊர்ப் பெயரைக் காதால் கேட்டவன் உயிரோடு வீடு திரும்புவான் என்பது எங்கள் பக்கத்துத் தாய்மார்களின் நம்பிக்கை. தூரத்து ஊர்க்காரிகள் பஸ் டிரைவரிடம் அதிரசம் கொடுத்தனுப்பி, "எங்க ஊரை மறந்துடாதேன்னு சொல்லு" என்பார்கள். தேவேஸ்வரியின் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து அந்த வளைவில் ஓடிய காலத்தில் அவனைக் கூப்பிட ஆளில்லை. சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் அவள் வளைவில் போய் நின்றாள்.

அவள் மகன் சோபன் சேர்ந்த வருஷம், பயிற்சியையே கீழே சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள். மலையில் இடம் போதவில்லையாம். கடைசி லாரி இறங்கியதும் அவள் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூட்டை கட்டினாள்.

"எங்கே கிளம்பிட்டே அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ஊரார் பிள்ளைக்கெல்லாம் கத்தினேன். என் பிள்ளைக்குக் கத்த வேண்டாமா?"

சமவெளி முகாமில் ஓட்டமெல்லாம் மதிலுக்கு உள்ளே. வெளியே லாரிப் பட்டறை. வாசல் காவலுக்கு நின்றவன் அந்த நைல்கோட்காரனேதான்.

"மேற்கு மதிலோரமா ஓடுவாங்க, பெரியம்மா. சோபன்கிட்ட நான் வேணா சொல்லிடறேன்."

"நீ சொன்னா ஆகாதுடா எருமை. அவன் காதுல விழணும்."

தினமும் விடியலில் மதிலைப் பார்த்து, "ஏ ரிக்வாடி!" என்று தன் ஊரைக் கூப்பிட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பூட்ஸ் ஓசை மட்டும்தான் கேட்டது.

பயிற்சி முடிந்து எல்லைக்குப் போகும் வழியில் சோபன் போன் செய்தான்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சும்மா."

"என்ன சொல்லித் திட்டினேன், சொல்லு பாப்போம்?"

"லைன் சரியில்லம்மா" என்றான்.

மறுநாள் பட்டறைக்காரனிடம் இரண்டு பழைய டயர் கேட்டு வாங்கி, மதிலோரம் அடுக்கி ஏறி நின்றாள். அதிரசம் அனுப்பிய ஊர்களையெல்லாம் கூப்பிட்டாள். கடைசியாக ரிக்வாடியையும். ரிக்வாடிக்காரன் யாரும் உள்ளே இல்லை.

சோபன் இப்போது பனி எல்லையில் இருக்கிறான். தேவேஸ்வரி மலைக்குத் திரும்பவில்லை. அந்த மேற்கு மதிலோரம்தான் இருக்கிறாள்.