பதின்மூன்று லிட்டர்

டெஸ் ட்ரெகென்சா நல்ல மனிதர்தான். ஆனால் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவரை நம்பக்கூடாது. போர்ட் பிரீ ஈய ஆலையில் இருபத்தாறு வருஷம் சங்கப் பிரதிநிதியாக இருந்தார். வாசல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் நூற்றைம்பது என்பார். நிர்வாகம் அதைப் பாதியாக்கும். பத்திரிகைக்காரன் இன்னும் கொஞ்சம் கழிப்பான். கடைசியில் எல்லாம் சரியாக வந்து நிற்கும். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஏமாந்தவன் யாருமில்லை.

ஓய்வு பெற்றதும் டீசல் பிக்கப் வண்டி ஒன்றும், அது இழுக்க மூன்று டன் கேரவன் வீடு ஒன்றும் வாங்கினார். பழைய பழக்கமும் கூடவே ஏறிக்கொண்டது.

கேரவன்காரர்கள் சாயங்காலம் முகாமில் நாற்காலி போட்டு பீரைத் திறந்தால், முதல் கேள்வி பேர் என்ன, ஊர் என்ன என்பதல்ல. "உன் வண்டி எவ்வளவு குடிக்குது?" என்பதுதான். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அர்த்தம். குறைந்த எண் சொன்னவன் அன்றைக்கு ராஜா. ஆகவே எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். பதினாறு என்று ஒருவன் சொன்னால், கேட்கிறவன் மனசுக்குள் மூன்றைக் கூட்டிக்கொள்வான். மரியாதைக்குத் தலையை ஆட்டுவான்.

டெஸ் சொல்லும் எண் பதின்மூன்று.

அது அடியோடு பொய் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேற்கிலிருந்து திரும்பும்போது, முதுகில் புயற்காற்று தள்ள, ஒரு மதியம் முழுக்க டாஷ்போர்டு ஸ்கிரீன் பதின்மூன்று காட்டியது. அந்த ஒரு மதியத்தைத்தான் அவர் இன்னும் முகாம் முகாமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நாளெல்லாம் பத்தொன்பது. எதிர்க்காற்று அடித்தால் அதற்கும் மேலே. அது மனைவி ரோண்டாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று டெஸ் நினைத்திருந்தார்.

ரீனோ கபூட்டோ இந்தக் கூட்டத்துக்குப் புதுசு. அடிலெய்டுக்கு வடக்கே கண்ணாடிக் கூடாரத்தில் நாற்பது வருஷம் தக்காளி போட்டவர். எத்தனை கிலோ என்று கேட்டால் தராசைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். டெஸ் பேச்சைக் கேட்டு அதே பிக்கப், அதே கேரவன் வாங்கியிருந்தார். மனைவி பியாவுக்கு இதய ஆபரேஷன் ஆகி நாலு மாசம். மகள் பெர்த்தில் இருக்கிறாள், பேரக்குழந்தையைப் பார்க்க வேண்டும், விமானம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நல்லர்பார் பாலைவெளியைத் தாண்டி தரைவழியாகப் போகிறார்கள். துணைக்கு டெஸ்ஸும் ரோண்டாவும்.

வழியில் செடுனா முகாமில் ஒருநாள் சாயங்காலம் ரீனோ தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டெஸ், என் ஸ்கிரீன் பத்தொம்போது காட்டுதுப்பா. உனக்கு மட்டும் எப்படி பதிமூணு?"

ரோண்டா சட்டியைக் கழுவுவதை நிறுத்தினாள். டெஸ் பீரை ஒரு வாய் குடித்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி இன்னும் ஆறு நாற்காலிகள் இருந்தன.

"புது வண்டியில அந்த ஸ்கிரீன் பொய் சொல்லும், மச்சான். இஞ்சின் பழகணும். அதையெல்லாம் நம்பாத."

"அப்படியா!" என்றார் ரீனோ. நம்பிவிட்டார். ஆறு நாற்காலிக்காரர்களும் பாதத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

படுக்கப்போகும்போது ரோண்டா சொன்னாள்: "அந்த மனுஷன் உன் பேச்சுக்குக் கூட்டிக் கழிக்கிற ஆள் இல்ல, டெஸ்."

"சும்மா பேச்சு. விடு."

மறுநாள் வெயில் ஏறுமுன் பாதித் தூரம் போய்விடலாம் என்று ரீனோ விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். டெஸ் நிதானமாகக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் வடமேற்குக் காற்று எழுந்தது. திறந்த அடுப்பிலிருந்து வருவது மாதிரிக் காற்று. எதிர்முகமாக வந்து கேரவனின் நெற்றியில் மோதியது. ஸ்கிரீன் இருபத்திரண்டுக்குப் போய் அங்கேயே நின்றது.

வழியிலிருந்த முதல் பெட்ரோல் பங்கில் டெஸ் டேங்கை விளிம்பு வரை நிரப்பினார். எந்தப் பங்கானாலும் நிரப்புவார். யாராவது பார்த்தால், "இங்க கறி வச்ச மீட் பை நல்லா இருக்கும், அதுக்குத்தான் நிறுத்துறேன்" என்பார். உள்ளே போனதும் கல்லாவிலிருந்த பெண் கேட்டாள்:

"உங்க ஃப்ரெண்டு காலையில போயிட்டாரே, இத்தாலிக்காரரு. நீங்கதானே அந்தப் பதிமூணு லிட்டர் ஆளு?"

டெஸ்ஸின் கை பர்ஸில் நின்றது. "ஏன்?"

"டீசல் போடுங்கன்னு சொன்னேன். 'எனக்கு அம்பது லிட்டர் இருக்கு, முந்நூறு கிலோமீட்டருக்குத் தாராளம், டெஸ் சொல்லியிருக்கார்'னு தண்ணி பாட்டில் மட்டும் வாங்கிட்டுப் போனாரு. அடுத்து வர்ற பங்க்ல நேத்து ஜெனரேட்டர் எரிஞ்சுபோச்சு. பம்ப் ஓடாது, அதை விட்டா இங்கேருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு டீசல் கிடையாது. அதையும் சொன்னேன். 'பரவாயில்ல'ன்னுட்டாரு."

ரோண்டா முதலில் போய் வண்டியில் ஏறினாள்.

டெஸ் வண்டியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த முறை சரியாகப் போட்டார். ஐம்பது லிட்டர். எதிர்க்காற்றில் நூறுக்கு இருபத்திரண்டு. அடுத்த டீசலுக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கும்போது ரீனோவின் வண்டி நிற்கும். அங்கே ஒரு மரம் கிடையாது. போன் எடுக்காது. வெளியே நாற்பத்தாறு டிகிரி. இஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். வறண்டு நின்ற டீசல் வண்டி, ஊற்றியதும் கிளம்பிவிடாது. குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும், அதை எடுக்கத் தெரிந்தவன் வேண்டும். ரீனோவுக்குத் தக்காளி தெரியும். பியாவின் நெஞ்சுத் தழும்பு இன்னும் சிவப்பு மாறவில்லை.

"வேகமாப் போயிப் பிடிச்சிடலாம்" என்றார் டெஸ்.

"வேகமாப் போனா நீயும் பாதியில நிப்ப. ரேடியோவ எடு."

உண்மை. வேகம் கூடினால் குடிப்பதும் கூடும். எண்பதுக்கு மேல் போக முடியாது. சாலையில் ஏறி ஓட்டிக்கொண்டே டெஸ் மைக்கை எடுத்தார். லாரிக்காரர்களும் கேரவன்காரர்களும் ஒருசேரக் கேட்கும் நாற்பதாம் சானல். பேச்சு பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் போக வேண்டுமானால் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாற வேண்டும்.

"மேற்கே போற யாராவது இருக்கீங்களா? முன்னாடி ஒரு வெள்ளை பிக்கப், கேரவனோட போகுது. பேரு ரீனோ."

சற்று இரைச்சலுக்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "கெய்லீன் பேசறேன், பெருசு. மூணு டிரெய்லர் கட்டின லாரி. உனக்கு முன்னாடிதான் போறேன். என்ன சமாசாரம்?"

"காத்து பலமா இருக்கு, டீசல் பத்தாமப் போகலாம்னு அவர்கிட்ட சொல்லணும்."

ரோண்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "காத்து மேல பழிய போட்டுட்டியா?"

"சொல்லவேண்டியதச் சொல்லியாச்சு."

கெய்லீன் தனக்கு முன்னால் போன மாட்டு லாரிக்குச் சொன்னாள். மாட்டு லாரிக்காரன் அவனுக்கு முன்னால் போனவனுக்குச் சொன்னான். பிறகு நெடுநேரம் வெறும் இரைச்சல். டெஸ் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தார். வழியில் அந்த ஜெனரேட்டர் எரிந்த பங்கு வந்தது. டீசல் இல்லை என்று அட்டை தொங்கியது. வாசலில் ரீனோவின் வண்டி இல்லை. ரோண்டா எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

பதில் வந்தது. கெய்லீன் குரலில் சிரிப்பு இருந்தது.

"பெருசு, உன் ஆளு கிடைச்சுட்டாரு. ஸ்கிரீன் இருபத்திரண்டு காட்டுதாம். ஆனா அது பொய் சொல்ற ஸ்கிரீனாம். 'டெஸ்ஸே சொன்னாரு, பதிமூணுதான், கவலப்படாதீங்க'ன்னு சொல்றாராம். யாருப்பா அந்த டெஸ்?"

வண்டிக்குள் ஏசி ஓடியது. ஆனாலும் டெஸ்ஸின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கண்ணெதிரே ஸ்கிரீன் உண்மையைச் சொல்கிறது. அதைவிட்டு டெஸ்ஸின் வாயை நம்பி ஒரு மனுஷன் போய்க்கொண்டிருக்கிறார்.

"மைக்கை என்கிட்ட குடு" என்றாள் ரோண்டா.

"வேணாம். நானே."

கட்டைவிரல் பட்டனில் இருந்தது. இருபத்தாறு வருஷம் எத்தனையோ கூட்டத்தில் பேசியவர். வாய் திறக்கவில்லை. இந்தச் சானலை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதில் பாதிப்பேரோடு அவர் பீர் குடித்திருக்கிறார்.

"கெய்லீன். நான்தான் டெஸ். என் பதிமூணு பொய். என் வண்டி பத்தொம்போது குடிக்கும். இந்தக் காத்துல இருபத்திரண்டு. ஸ்கிரீன் கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னதும் பொய். ஸ்கிரீன் சரியாத்தான் சொல்லுது. அவரு அடுத்த டீசலுக்கு எழுபது கிலோமீட்டர் முன்னாடியே நின்னுடுவாரு. கூட இருக்கிறது ஆபரேஷன் ஆன பொம்பள. கேரவனை எங்கயாவது ஓரமாக் கழட்டி விட்டுட்டு, வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லு. கேரவன் இல்லாட்டி பத்துதான் குடிக்கும். போய்ச் சேர்ந்துடலாம். இப்பவே கழட்டணும். இன்னும் அரை மணி நேரம் போனா அதுக்கும் பத்தாது."

பிறகு எங்கேயோ ஒருவன் சிரித்தான். "பதிமூணு டெஸ்ஸா! இவன் சொன்னதைக் கேட்டு என் பொண்டாட்டி என் வண்டிய விக்கச் சொன்னாளே!"

"வாய மூடு" என்றாள் கெய்லீன். "எல்லாரும் சானலை விடுங்க. இந்தச் சேதி போகணும்."

"கெய்லீன், ஒரு விஷயம்" என்றார் டெஸ். "நம்ம பழக்கத்துல யாரும் நம்பரைக் கூட்டிக் குறைக்காதீங்க. இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டு. அப்படியே போகணும்."

"அப்படியே போகும், பெருசு."

கெய்லீன் அதைச் சொல்வது டெஸ்ஸுக்குத் தெளிவாகக் கேட்டது. "டெஸ்ஸோட பதிமூணு பொய். இருபத்திரண்டு. கேரவனைக் கழட்டு." அடுத்து மாட்டு லாரிக்காரன் மங்கலாக: "டெஸ்ஸோட பதிமூணு பொய்." அதற்கடுத்த வாய் இரைச்சலில் முங்கிப்போனது. தன் பொய் சாலை வழியே கைமாறிக் கைமாறித் தன்னைவிட்டுத் தூரமாகப் போவதை அவர் கேட்டுக்கொண்டு ஓட்டினார். பதில் வரவில்லை.

ஒரு மணி நேரம் ஓடியது. பதில் இல்லை. கெய்லீனும் எட்டாத தூரம் போய்விட்டாள். சாலை நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது. டெஸ் எண்பதிலேயே ஓட்டினார். கால் அழுத்தச் சொன்னது, ஸ்கிரீன் வேண்டாம் என்றது.

"அங்க பாரு" என்றாள் ரோண்டா.

சாலையோர இளைப்பாறும் இடத்தில் ஒரு கேரவன் தனியாக நின்றது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்காலை இறக்கி விட்டிருந்தது. பிக்கப்பைக் காணோம். டெஸ் இறங்கி ஓடினார். அறுபத்தெட்டு வயசில் அந்த வெயிலில் ஓடினார். கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தார். யாருமில்லை. ரீனோவுடைய கேரவன்தான்.

"கழட்டிட்டாரு" என்றார். "எப்ப கழட்டினாருன்னு தெரியலையே. போதுமா, போதாதா?"

"ஏறு" என்றாள் ரோண்டா.

மீதித் தூரம் முழுக்க இருவரும் சாலையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனார்கள். தூரத்தில் எது வெள்ளையாகத் தெரிந்தாலும் டெஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கிலோமீட்டர் கல். வெளுத்த பெரிய பாறை. செத்த கங்காருவின் எலும்பு. பிக்கப் இல்லை.

பங்கின் தகரக்கூரை தெரிந்தது. பம்புக்குப் பக்கத்தில் வெள்ளை பிக்கப் நின்றது. உள்ளே ஏசிக்கு நேர் கீழே பியா கால் நீட்டி உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் கெய்லீன், மலை மாதிரி ஒரு பொம்பளை, பர்கரை மென்றுகொண்டே டெஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"டெஸ், முகமெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு, உட்காருங்க" என்றாள் பியா. "மருந்து வேணுமா? என்கிட்ட நெறைய இருக்கு."

ரீனோ எழுந்து வந்தார். கை ஓங்குவார் என்று டெஸ் எதிர்பார்த்தார். ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"கடைசி பத்து கிலோமீட்டர் சிவப்பு விளக்கு எரிஞ்சுதுப்பா" என்றார் ரீனோ. "அவ ஜெபமாலை உருட்டிட்டே வந்தா. நான் என் வண்டியத் திட்டிட்டே வந்தேன். ரெண்டு நாளா அந்த ஸ்கிரீனைத் திட்டிட்டிருக்கேன். அது பாவம், உண்மையச் சொல்லிட்டிருந்திருக்கு."

"ரீனோ, நான்..."

"இப்ப பேசாத. போய் என் கேரவனை எடுத்துட்டு வரணும். உன் வண்டியில போறோம்."

"உன் டேங்கும் நிரப்பியாச்சே?"

"உன் வண்டியில."

டெஸ் தன் டேங்கை நிரப்பி, கேரவனைக் கழற்றி அங்கேயே விட்டு, இரண்டு பெண்களையும் உள்ளே ஏசியிலேயே உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது காற்று முதுகில் தள்ளியது. கேரவனை மாட்டித் திரும்பும்போது எதிர்க்காற்று. ரீனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்கு நேராகக் குனிந்தார்.

"இருபத்தி மூணு" என்றார், தராசு பார்க்கிற குரலில்.

"ம்."

கொஞ்ச தூரம் போனதும்: "இருபத்தி நாலு."

"ஆமா."

ரேடியோ கரகரத்தது. எதிரே வந்த ஒரு கேரவன்காரன், முன்பின் தெரியாத ஆள், நேரம் போகாமல் கேட்டான்: "ஹலோ, வெள்ளை பிக்கப்! எங்கிட்டயும் இதே மாடல்தான். உன்னுது எவ்வளவு குடிக்குது?"

ரீனோ மைக்கை எடுத்து டெஸ்ஸின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"இருபத்தி நாலு" என்றார் டெஸ்.

எதிரே வந்தவன் சற்று யோசித்தான். மூன்றைக் கூட்டியிருக்க வேண்டும்.

"அடப்பாவி, இருபத்தேழா!" என்றான். "முதல்ல அந்த வண்டிய வித்துத் தொலை!"

ரீனோ மைக்கைக் கொக்கியில் மாட்டினார். தோள் குலுங்கியது. பிறகு மறுபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்கிரீன் பக்கம் குனிந்தார்.